வாயிலின் உள்ளும் புறமும்: உடற்குறையுடைய மருத்துவ மாணவரும் செயன்முறைப் பயிற்சியும்

மருத்துவக் கல்வியின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பாடவிதானத்தைப் பற்றியும் பாடநூல்களைப் பற்றியும் ஆசிரியர் பரம்பரையைப் பற்றியும் நிரம்ப எழுதியுள்ளனர். கற்பவருடைய உடலைப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே. நோயாளியின் உடல் மருத்துவம் ஆராயும் பொருள். மாணவரின் உடலோ எவரும் வாய்திறந்து பேசாத முன்நிபந்தனை. மாணவர் நெடுநேரம் நிற்பார், படிகளில் ஏறுவார், இரு கைகளாலும் கருவிகளைப் பற்றுவார் என்பவை எங்கும் எழுதிவைக்கப்படாமலே எல்லோராலும் நெடுங்காலம் ஏற்றுக்கொள்ளப்பட்டிருந்தன. விரிவுரை மண்டபத்தில் இந்நிபந்தனை கண்ணிற் படுவதில்லை. செயன்முறைப் பயிற்சிக்காக மாணவர் நோயாளர் விடுதிக்குள் நுழையும்போதே அது வெளிப்படுகின்றது.

உடற்குறையுடைய ஒருவர் மருத்துவராகவோ தாதியாகவோ பயில இயலுமா என்ற வினா சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவிலும் அமெரிக்காவிலும் பன்முறை எழுந்தது. அவ்வினாவுக்கு அளிக்கப்பட்ட விடைகளை ஒருங்குவைத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. தொழிலுக்குள் நுழைந்த பின்னர் உடற்குறை நேர்ந்தவர்க்கு மருத்துவ உலகம் இடங்கொடுத்திருக்கின்றது. உடற்குறையுடன் வாயிலில் வந்து நின்றவரை அளவுகோல் கொண்டு அளந்திருக்கின்றது. இரு சாராரும் செய்யவேண்டிய வேலை ஒன்றே. ஆகவே தடையாக நின்றது வேலையின் இயல்பு மட்டுமன்று என்பது இக்கட்டுரையின் துணிபு.

'அங்கவீனர்' என்றும் 'வலது குறைந்தோர்' என்றும் நம்மிடையே வழங்கிவந்த சொற்களை இன்று பலர் விரும்புவதில்லை. தமிழகத்தில் 'மாற்றுத்திறனாளி' என்ற சொல் நிலைபெற்றுவிட்டது. பெயரை மாற்றுவதிற் காட்டப்படும் சுறுசுறுப்பு கட்டில்களின் உயரத்தை மாற்றுவதிற் காட்டப்படுவதில்லை என்பது வேறு விடயம். ஈண்டு 'உடற்குறை' என்ற சொல்லே ஆளப்படுகின்றது.

முதலில் வேலூரை நோக்குவோம். அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரியைத் தோற்றுவித்த ஐடா ஸ்கடர் அம்மையார் 1900ஆம் ஆண்டில் ஒரே ஒரு கட்டிலுடன் தம் பணியைத் தொடங்கினார். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாக அது வளர்ந்தது. 1942இல் பட்டப்படிப்புக்குரிய கல்லூரியாயிற்று. இவ்வம்மையாரின் பாட்டனார் ஜோன் ஸ்கடர், 1820 முதல் யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் வைத்தியராகவும் மதபோதகராகவும் பணியாற்றிய அமெரிக்கர் என்பது நம்மவர்க்கு நினைவூட்டத்தக்கது. வேலூரின் வேர்களில் ஒன்று நம் மண்ணிலும் ஓடியிருக்கின்றது.

இக்கல்லூரியிற் பயின்று மருத்துவரானவர் மேரி வர்கீஸ். 1925இல் கொச்சிப் பகுதியிற் பிறந்தவர். பெண்நோயியலில் மேற்பயிற்சி பெற விழைந்திருந்த இவர், 1954ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தம்மையொத்த இளம் மருத்துவர்களுடன் உல்லாசப் பயணம் சென்றபோது வண்டி விபத்துக்குள்ளாயிற்று. முகத்திற் பலத்த காயம், முண்ணாணும் சிதைந்தது. இடுப்புக்குக் கீழே உணர்வும் இயக்கமும் மீளவில்லை. பெண்நோயியல் மருத்துவருக்குரிய வாழ்வு அத்துடன் முடிந்தது. அக்காலத்து இந்தியாவில் முண்ணாண் சிதைந்தோருக்குரிய புனர்வாழ்வு என்பது ஏறத்தாழ இல்லாத ஒன்றாகவே இருந்தது. படுக்கைப் புண்ணும் சிறுநீர்த்தொற்றும் இத்தகையோரிற் பலரை விரைவிற் கொண்டுசென்றன.

வேலூரில் அப்பொழுது போல் பிராண்ட் என்ற ஆங்கிலேயச் சத்திரசிகிச்சை நிபுணர் இருந்தார். 1914இல் தமிழகத்துக் கொல்லிமலையிற் பிறந்து, இங்கிலாந்திற் கல்விகற்று, 1946இல் வேலூருக்குத் திரும்பியவர். தொழுநோயாளரின் விரல்கள் தாமாகவே அழுகி விழுவதில்லை. நோவை உணரும் ஆற்றல் அற்றுப்போவதால் அவர்கள் அறியாமலே தம் கைகளைச் சுட்டும் வெட்டியும் கொள்கின்றனர் என்பதை நிறுவியவர் இவரே. நரம்பு செத்து, பறவையின் உகிர்போல் வளைந்துபோன விரல்களை நிமிர்த்துவதற்கு அவர் கையாண்ட முறை தசைநாண் மாற்றம் எனப்படும். முன்னங்கையில் உயிருடன் எஞ்சியிருக்கும் ஒரு தசையின் நாணைப் பிரித்தெடுத்து, செயலற்ற விரல்களுக்குக் கொண்டுசென்று தைப்பதே அதன் சாரம். சத்திரசிகிச்சை முடிந்த பின் நோயாளி வாரக்கணக்கில் பயிற்சி செய்யவேண்டும். பழைய வேலைக்குப் பழகிய தசை புதிய வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும்.

தொழுநோயாளரின் கைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்யும் தம் குழுவில் சேருமாறு மேரி வர்கீஸை அழைத்தவர் பிராண்ட். அவர் சேர்ந்தார், சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே சத்திரசிகிச்சை செய்தார். இச்செய்தியைப் படிப்போர் பெரும்பாலும் அவருடைய மனத்திண்மையை எண்ணி வியப்பர். வியப்பு நியாயமானதே. ஆயினும் வரலாற்று மாணவர் அவ்வியப்பில் நின்றுவிடலாகாது. வயிற்றைத் திறக்கும் சத்திரசிகிச்சை நின்றுகொண்டு செய்யப்படுவது. கையிற் செய்யப்படுவதோ அவ்வாறன்று. நோயாளியின் கை பக்கவாட்டில் நீட்டிய சிறு மேசையொன்றின் மீது கிடத்தப்படும். நுண்ணிய வேலையாதலின், இரு கால்களும் நன்றாக உள்ள சத்திரசிகிச்சையாளரும் அங்கு அமர்ந்தே வேலை செய்வர். பிராண்ட் கண்டது இதுதான். மேரியின் உடலால் எதைச் செய்ய இயலாது என்று பட்டியலிடுவதை விடுத்து, அமர்ந்தவாறே செய்யப்படும் வேலை எது என்று அவர் தேடியிருக்கின்றார். ஆசிரியர் ஒருவரின் இத்தகைய நோக்கு ஒரு மாணவரின் வாழ்வையே திருப்பிவிடும்.

இத்தகைய ஏற்பாட்டுக்கு இன்றியமையாதவை வேறு சிலவும் உண்டு. கைகளைக் கழுவித் தொற்றுநீக்கிய பின் சத்திரசிகிச்சையாளர் எதையும் தொடலாகாது. தம் நாற்காலியின் சக்கரத்தைத் தாமே உருட்டவும் இயலாது. ஆகவே வேறொருவர் தள்ளவேண்டும். மேசையின் உயரம் நாற்காலியின் உயரத்துக்கு இசையவேண்டும். உணர்வற்ற உடல் ஒரே நிலையில் நெடுநேரம் அமர்ந்திருந்தாற் புண் தோன்றும். ஆதலால் நேரத்தைப் பங்கிட்டு வகுக்கவேண்டும். இவற்றுள் எதுவும் பெருஞ்செலவுக்குரியதன்று. ஆனால் எதுவும் தானாக நிகழ்வதுமன்று.

மேரி வர்கீஸின் வாழ்க்கையை டொரொதி கிளார்க் வில்சன் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1963இல் நூலாக்கினார். அந்நூல் பலரைத் தொட்டது. எனினும் அவ்வகை நூல்களின் இயல்பு, துன்பத்தை வென்ற உள்ளத்தை ஒளியில் நிறுத்தி, மேசையை உயர்த்தியவரையும் நாற்காலியைத் தள்ளியவரையும் நிழலில் விட்டுவிடுவதாகும். உடற்குறையுடையோர் பற்றிய எழுத்துகள் பலவற்றிலும், தமிழில் உள்ளவை உட்பட, இக்குறை காணப்படுகின்றது. வீரத்தைப் போற்றுவது எளிது. வீரம் தேவைப்படாதவாறு இடத்தை ஒழுங்குசெய்வது கடினம்.

மேரி பின்னர் ஆஸ்திரேலியாவின் பேர்த் நகரிற் புனர்வாழ்வுப் பயிற்சி பெற்றார். நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும் வண்டிக்கும் பிறர் உதவியின்றி மாறுதல் போன்றவை முண்ணாண் சிதைந்தோர் இத்தகைய நிலையங்களிற் கற்பவை. அதன்பின் நியூயோர்க்கில் ஹவர்ட் ரஸ்கின் நிலையத்தில் மருத்துவராகவே பயிற்சிக்கு அமர்ந்தார். இரண்டாம் உலகப்போரில் காயமுற்ற விமானப்படையினருக்குப் பணியாற்றிய அனுபவத்திலிருந்து புனர்வாழ்வு மருத்துவம் என்ற துறையை உருவாக்கியோருள் முதன்மையானவர் ரஸ்க். மேரி அங்குச் சிறப்புத் தகைமை பெற்று, 1960களின் தொடக்கத்தில் வேலூருக்கு மீண்டு, உடலியல் மருத்துவ–புனர்வாழ்வுத் துறையின் தலைமையை ஏற்றார். இந்தியாவில் இவ்வகைத் துறைகளின் முன்னோடிகளுள் இதுவும் ஒன்று. 1966இல் நோயாளர் தங்கிப் பயிலும் புனர்வாழ்வு நிலையமும் எழுந்தது. 1972இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. 1986இல் மறைந்தார்.

இங்கு ஒன்றைக் கருத்திற் கொள்ளவேண்டும். விபத்து நேர்ந்தபோது மேரி பட்டம் பெற்றுவிட்டார். அவர் எம்மவர் என்ற உணர்வு கல்லூரியில் இருந்தது. அவரைக் கைவிடலாகாது என்ற கடப்பாடு ஆசிரியர்க்கு இருந்தது. அதே இடுப்புக்கீழ் வாதத்துடன் பதினெட்டு வயதுப் பெண்ணொருத்தி 1954இல் விண்ணப்பத்துடன் ஏதேனும் ஒரு மருத்துவக் கல்லூரியின் வாயிலுக்கு வந்திருப்பின் யாது நிகழ்ந்திருக்கும்? இவ்வினாவுக்குக் கற்பனையில் விடை தேட வேண்டியதில்லை. ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்குப் பின் பம்பாயில் ஓர் இளைஞர் அவ்வாறே வந்து நின்றார்.

சுரேஷ் அத்வானி எட்டாம் வயதில் இளம்பிள்ளைவாதத்தாற் பீடிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியை நாடியவர். 1960களில் பம்பாயின் கிராண்ட் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்தபோது, உடற்குறையைக் காரணங்காட்டி அவ்விண்ணப்பம் முதலில் நிராகரிக்கப்பட்டது. அவர் விடாது முறையிட்ட பின்னரே இடம் கிடைத்தது. பிற்காலத்தில் அவர் இந்தியாவின் முன்னணிப் புற்றுநோய் மருத்துவருள் ஒருவராகி, 1980களில் எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சையை அந்நாட்டில் முன்னெடுத்தோர் வரிசையில் இடம்பெற்றார். 2002இல் பத்மஸ்ரீயும் 2012இல் பத்மபூஷணும் பெற்றார். மேரிக்கும் இவருக்கும் இடையிலான வேறுபாடு கால்களின் நிலையில் இல்லை. ஒருவர் வாயிலுக்கு உள்ளே இருந்தபோது கால்களை இழந்தார்; மற்றவர் வாயிலுக்கு வெளியே வைத்தே அவற்றை இழந்திருந்தார். முன்னவருக்கு ஆசிரியரின் அழைப்பு, பின்னவருக்கு நிராகரிப்பு.

அமெரிக்காவில் இவ்வினா சட்டத்தின் வழியாக எழுந்தது. அங்கு 1952ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 58,000 பேரை இளம்பிள்ளைவாதம் பற்றியது. பிழைத்த சிறுவர் 1960களிலும் 1970களிலும் பல்கலைக்கழக வயதை எய்தினர். வியட்னாம் போரிலிருந்து திரும்பியோரும் அவர்களுடன் சேர்ந்தனர். 1973ஆம் ஆண்டின் புனர்வாழ்வுச் சட்டத்தில் 504ஆம் பிரிவு என்று ஒரு சிறு பிரிவு இருந்தது. கூட்டரசின் நிதியைப் பெறும் எந்நிறுவனமும், ஏனைய வகையில் தகுதியுடைய ஒருவரை உடற்குறை காரணமாக மட்டும் விலக்கலாகாது என்பது அதன் கருத்து. அதனை நடைமுறைப்படுத்தும் ஒழுங்குவிதிகளில் அரசு நான்கு ஆண்டுகளாகக் கையொப்பமிடவில்லை. 1977 ஏப்ரிலில் சான்பிரான்சிஸ்கோவின் அரசாங்கக் கட்டடமொன்றினுள் உடற்குறையுடையோர் மூன்று வாரங்களுக்கு மேலாக அமர்ந்து போராடினர். அம்மாதம் 28ஆந் திகதி ஒழுங்குவிதிகள் ஒப்பமிடப்பட்டன.

இரண்டு ஆண்டுகளுள் வழக்கொன்று உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. வட கரோலினா மாநிலத்தைச் சேர்ந்த டேவிஸ் என்ற பெண் செவிப்புலன் பெரிதும் குன்றியவர். பிறரின் உதட்டசைவைக் கண்டு பேச்சை உணர்பவர். கீழ்நிலைத் தாதியாக உரிமம் பெற்றிருந்த அவர், பதிவுபெற்ற தாதியாவதற்கான பயிற்சியை நாடியபோது கல்லூரி மறுத்தது. சத்திரசிகிச்சைக்கூடத்தில் எல்லோரும் முகத்தை மூடியிருக்கையில் உதட்டை எவ்வாறு காண்பது என்பது கல்லூரியின் வாதங்களுள் ஒன்று. 1979 ஜூனில் நீதியரசர்கள் ஒருமனதாகக் கல்லூரியின் பக்கம் நின்றனர். நோயாளருடன் நேரில் ஈடுபடும் செயன்முறைப் பயிற்சியைக் கைவிட்டாலன்றி இவரைச் சேர்க்க இயலாது; அவ்வாறு பாடநெறியின் அடிப்படையையே மாற்றுமாறு சட்டம் கேட்கவில்லை என்றனர். ஆயினும் தொழில்நுட்பம் வளருங்கால், இன்று நியாயமாகத் தோன்றும் மறுப்பு நாளை நியாயமற்றதாகலாம் என்பதையும் அத்தீர்ப்பு ஒப்புக்கொண்டது. வாய்ப்பகுதி தெளிவாகத் தெரியும் முகக்கவசங்கள் பின்னர் வழக்கிற்கு வந்ததை எண்ணும்போது, அவ்வாசகம் முக்கியமானதாகத் தோன்றுகின்றது.

அதே 1979ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் அமைத்த குழுவொன்று தொழில்நுட்பத் தரங்கள் பற்றிய அறிக்கையை வெளியிட்டது. நோக்கல், தொடர்பாடல், உடலியக்கம், அறிவாற்றல், நடத்தையும் சமூகப்பண்பும் என ஐந்து துறைகளிலும் மாணவர் திறனுடையவராதல் வேண்டும் என்று அது விதந்துரைத்தது. அதன் அடியில் இருந்த கருத்து, மருத்துவப் பட்டம் பெறும் ஒவ்வொருவரும் எத்துறைக்கும் செல்லத்தக்க முழுமையான மருத்துவராக இருத்தல் வேண்டும் என்பதே. பயிற்றப்பட்ட இடையாள் ஒருவரின் கண்ணையோ கையையோ மாணவர் நம்பியிருப்பதை அறிக்கை ஏற்கவில்லை. அவ்வாறாயின் மாணவரின் தீர்மானம் இன்னொருவரின் தெரிவுக்கு உட்பட்டதாகிவிடும் என்பது அது கூறிய நியாயம்.

இந்நியாயம் முதற் பார்வைக்கு வலுவானதாகத் தோன்றுகின்றது. ஆனால் நோயாளர் விடுதியில் உண்மையில் நிகழ்வது யாது? முதுநிலை மருத்துவர் நோயாளியின் வயிற்றைத் தாம் தொடுமுன்னரே உள்ளகப் பயிற்சி மருத்துவர் தொட்டுக் கூறுகின்றார். இரத்த அழுத்தத்தைத் தாதி எடுத்துக் குறித்துவைக்கின்றார். கதிர்ப்படத்தை வேறொருவர் படித்து அறிக்கை எழுதுகின்றார். இதயம் நின்றுவிட்ட நோயாளியைச் சூழ்ந்து நிற்கும் குழுவில், நெஞ்சை அழுத்துபவர் ஒருவர். நேரத்தை எண்ணி, மருந்தைக் கட்டளையிட்டு, குழுவை நடத்துபவர் மற்றொருவர். இவ்விரண்டாமவர் நெஞ்சில் கைவைப்பதில்லை, வைக்கவும் கூடாது. மருத்துவம் முழுவதும் இடையாட்களால் ஆனது. உயர் பதவியிலுள்ளவர் இடையாளை நம்பினால் அது நிருவாகம். உடற்குறையுள்ள மாணவர் நம்பினால் அது குறைபாடு.

தாதியர் கல்வியிலும் இதனை ஒத்த ஒன்றுண்டு. நோயாளியைத் தூக்கும் வலிமை தாதிக்கு இன்றியமையாதது என்று நீண்டகாலம் கருதப்பட்டது. முதுகு வலுவற்றவர், ஒரு கால் குன்றியவர் இக்காரணத்தால் விலக்கப்பட்டனர். ஆனால் நோயாளியைக் கையாலே தூக்கித் தூக்கி ஆரோக்கியமான தாதியரின் முதுகும் சிதைந்தது. பிரித்தானியாவில் 1992ஆம் ஆண்டில் வந்த ஒழுங்குவிதிகள், ஆபத்தான வகையில் கையாற் பாரந்தூக்குவதை இயன்றவரை தவிர்க்குமாறு முதலாளிகளைப் பணித்தன. தூக்குபொறிகளும் வழுக்குவிரிப்புகளும் அந்நாட்டு நோயாளர் விடுதிகளில் இடம்பெற்றன. வலிமையுள்ளோரின் நலனுக்காக வந்த பொறி, முன்னர் வலிமையின்மை காரணமாக விலக்கப்பட்டோரின் தடையையும் நீக்கியது. அப்படியாயின் முன்னைய விலக்கு எதன்மீது நின்றது?

இனி இந்தியச் சட்டத்துக்கு மீள்வோம். அந்நாட்டில் 1995இல் இயற்றப்பட்ட உடற்குறையாளர் சட்டம் உயர்கல்வி நிலையங்களில் 3 வீத இடங்களை ஒதுக்கியது. மருத்துவக் கவுன்சில் இவ்வொதுக்கீட்டைத் தன் ஒழுங்குவிதிகளுள் கொண்டுவந்தபோது அதனைக் கீழ் அவயவங்களின் குறைபாட்டுக்கே உரியதாக்கியது. குறைபாடு 50 முதல் 70 வீதம்வரை உடையோருக்கு முன்னுரிமை. அவர்கள் இல்லாவிடில் 40 முதல் 50 வீதம் உடையோர். மேரி வர்கீஸ் மாணவராக வந்திருப்பின் அவருடைய முழுமையான இடுப்புக்கீழ் வாதம் அவ்வெல்லையைத் தாண்டியிருக்கும் என்பதில் ஐயமில்லை. புனர்வாழ்வு மருத்துவத்தை அந்நாட்டில் வேரூன்றச் செய்தவரை அத்துறையைக் கற்கவே அனுமதித்திராத ஒழுங்குவிதி, அவர் மறைந்த பின்னர் எழுதப்பட்டது. வேலூர் கற்பித்த பாடம் வேலூருக்கு வெளியே செல்லவில்லை.

2016ஆம் ஆண்டின் புதிய சட்டம் ஒதுக்கீட்டை 5 வீதமாக்கியது; குறைபாட்டு வகைகளையும் விரித்தது. ஆனால் 2019இல் மருத்துவக் கவுன்சில் வெளியிட்ட வழிகாட்டு விதிகளில் ஒரு வாசகம் இடம்பெற்றது: இரு கைகளும் முழுமையாக, உணர்வுடனும் போதிய வலிமையுடனும் அசைவுடனும் இருத்தல் இன்றியமையாதது. 80 வீதத்துக்கு மேற்பட்ட உடலியக்கக் குறைபாடுடையோர் ஒவ்வொருவராக ஆராயப்பட வேண்டியவர் எனப்பட்டனர். நடைமுறையில் நிகழ்ந்தது யாதெனில், சான்றிதழிலுள்ள எண்ணைக் கண்டவுடன் குழுக்கள் ஆராய்வதை நிறுத்தின. எண் எழுதுவோரின் வேலையை எளிதாக்குவது. ஆராய்வதோ மாணவரைக் காணவேண்டிய வேலை.

இந்நிலையை மாற்ற முயன்றோருள் தில்லி மருத்துவக் கல்லூரியொன்றின் உடற்றொழிலியல் பேராசிரியரான சதேந்திர சிங் குறிப்பிடத்தக்கவர். இளமையில் இளம்பிள்ளைவாதத்தாற் பாதிப்புற்ற அவர், உடற்குறையுடைய மருத்துவர்களை ஒன்றுதிரட்டியவர்களுள் ஒருவர். 2024 ஒக்டோபரில் உச்ச நீதிமன்றம் இரு தீர்ப்புகளை வழங்கியது. முதலாவதில், பேச்சுக் குறைபாடுடைய மாணவர் ஒருவர் தொடர்பாக, குறைபாட்டின் வீதம் மட்டும் ஒருவரைத் தகுதியற்றவராக்காது. அவர் பாடநெறியைத் தொடர இயலுமா என்பதையே குழு ஆராய வேண்டும் என்றது. இரண்டாவதில், தசைநலிவு நோயால் 88 வீதக் குறைபாடு உடையவர் எனக் கணிக்கப்பட்ட சக்கர நாற்காலி மாணவரைச் சேர்க்குமாறு பணித்தது. அம்மாணவரை மதிப்பிடுமாறு நீதிமன்றம் சதேந்திர சிங்கையே வேண்டியிருந்தது. தகுதி பற்றி முன்னைய குழு கேட்ட வினாவிலிருந்து, எவ்வுதவிகளை அளித்தால் இவர் பயிலலாம் என்ற வினாவுக்கு வழக்கு நகர்ந்தது. 2025 பெப்ரவரியில் வந்த மூன்றாவது தீர்ப்பு 'இரு கைகளும் முழுமையாக' என்ற வாசகத்தையே கண்டித்தது. முழு உடலையே உயர்ந்ததாகக் கருதும் மனப்பாங்கு அதில் வீசுகின்றது என்பது நீதியரசர்களின் கருத்து. சத்திரசிகிச்சை செய்வதா, செய்யாத துறையைத் தெரிவதா என்பதைப் படிப்பு முடிந்த பின் மாணவர் தீர்மானிக்கலாம். வாயிலிலேயே அவரால் இயலாது என்று முடிவுகட்டுவது நீதியன்று என்ற கருத்தும் அங்கு இடம்பெற்றது.

ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன் போல் பிராண்ட் தம் சத்திரசிகிச்சைக்கூடத்திற் கண்டதையே நீதிமன்றம் சட்டமொழியிற் கூறியிருக்கின்றது எனலாம். ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. பிராண்ட் மாணவரையும் அறிந்திருந்தார், மேசையையும் அறிந்திருந்தார். நீதிமன்றம் வாயிலைத் திறக்கலாம். மேசையின் உயரத்தை அதனால் மாற்ற இயலாது. அனுமதிக்குப் பின் வரும் மூன்றாம், நான்காம் ஆண்டுகளிலேயே உண்மையான இடர்கள் தொடங்குகின்றன. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் செவிப்புலன் குன்றிய மருத்துவ மாணவர் ஒருவரின் வழக்கு இதற்குச் சான்று. முதலிரு ஆண்டுகளிலும் விரிவுரைகளை எழுத்தாக்கித் தரும் சேவைக்காக அவர் ஒரு லட்சம் டொலருக்கு மேற் கடன்பட்டார். நோயாளரிடம் பயிற்சி பெறும் கட்டம் வந்தபோது, தம் செலவிலேனும் மொழிபெயர்ப்பாளரை அழைத்துவர அவர் வேண்டினார்; கல்லூரி அதற்கும் இணங்கவில்லை. 2013இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அவரைச் சேர்த்துக்கொண்ட கல்லூரியே அவரை நோயாளரின் கட்டிலருகே நிறுத்தத் தயங்கியது.

இத்தயக்கத்தின் காரணங்களுள் ஒன்று நிருவாக அமைப்பிலேயே உள்ளது. மாணவர் ஒரு நிறுவனத்துக்குரியவர். அவர் பயிலும் வைத்தியசாலை பெரும்பாலும் வேறொரு நிறுவனத்துக்குரியது. நம் நாட்டிலும் மருத்துவ பீடங்கள் பல்கலைக்கழகங்களுக்கும், போதனா வைத்தியசாலைகள் பெரும்பாலும் சுகாதார அமைச்சுக்கும் உரியன. சரிவுப்பாதை அமைப்பது யார் பொறுப்பு, உயர்த்தித் தாழ்த்தத்தக்க கட்டிலை வாங்குவது யார் பொறுப்பு என்ற வினாக்கள் இரண்டுக்கும் இடையில் அலைவது எளிது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், கல்வி நிலையங்களுக்கு அனுமதிப்பதில் உடற்குறை காரணமாகப் பாகுபாடு காட்டலாகாது என்கின்றது. அனுமதி என்ற சொல்லுக்குள் நோயாளர் விடுதியும் அடங்குமா என்பதை அச்சொல்லைப் படிப்போரே தீர்மானிக்க வேண்டியுள்ளது.

செயன்முறைப் பயிற்சியில் உதவி எனப்படுவது உண்மையில் மிகச் சிறிய காரியங்களின் தொகுதியே. பயிற்சி தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன்னரே மாணவரும் விடுதிக்குப் பொறுப்பான தாதியும் சேர்ந்து அவ்விடத்தைச் சுற்றிப்பார்த்தல். எந்த மாடி, எந்த மின்தூக்கி, மின்தூக்கி பழுதுற்றால் எவ்வழி என்பதை அறிதல். நீண்ட காலைச் சுற்றில் எங்கு அமரலாம் என்று வகுத்தல். ஒலியைப் பெருக்கும் இதயத்துடிப்புமானி, உயரத்தை மாற்றத்தக்க ஆய்வுக்கட்டில் என்பவற்றைத் தேடிவைத்தல். கையால் இயலாத ஒன்றை மாணவர் வாயாற் சொல்ல, சகமாணவர் செய்ய, அறிவைச் சொன்னவரிடத்திலும் திறனைச் செய்தவரிடத்திலும் தனித்தனியே பரீட்சகர் அளத்தல். இவற்றுள் கடைசியானதே பெரும்பாலான பரீட்சகர்க்குக் கசப்பானது. நோயாளியின் பாதுகாப்பு என்ற வாதம் இங்கு எழும்; எழவேண்டியதே. ஆனால் அது ஒவ்வொரு செயலுக்கும் தனித்தனியே கேட்கப்பட வேண்டிய வினா. ஆளைக் கண்டவுடன் ஒரே தடவையிற் கேட்டு முடிக்கப்படுமாயின், அது பாதுகாப்பைப் பற்றிய வினா ஆகாது.

மாணவர் தம் குறையை யாரிடம், எப்பொழுது கூறுவது என்பது இன்னும் நுண்ணிய சிக்கல். கண்ணுக்குத் தெரியும் சக்கர நாற்காலி தானே பேசிவிடும். மூட்டுவாதத்தாலோ, பழைய எலும்புமுறிவாலோ, நடுங்கும் கையாலோ துன்புறும் மாணவரின் நிலை வேறு. முன்கூட்டியே கூறின் அனுமதியோ நன்மதிப்போ போய்விடுமென்று அஞ்சுவர். கூறாவிடின் விடுதியில் ஒருநாள் கை தளரும்போது பொய்யரெனப்படுவர். உடற்குறை நேர்ந்த மூத்த மருத்துவருக்கு இந்த அச்சம் ஓரளவே உண்டு. அவருடைய பெயரும் பதவியும் அவருக்காகப் பேசுகின்றன. இருபது வயது மாணவருக்காகப் பேசுவது அவரை அளந்த சான்றிதழிலுள்ள எண் மட்டுமே.

மேரி வர்கீஸ் தலைமையேற்ற துறையில் அவருக்குப் பின்னும் மருத்துவரும் சிகிச்சையாளரும் பயின்றுவருகின்றனர். முண்ணாண் சிதைந்து அங்கு வந்தோர், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறும் வகையைக் கற்றுக்கொடுக்கும் நிலையத்தின் தலைவரும் நாற்காலியில் அமர்ந்திருப்பதைப் பல ஆண்டுகள் கண்டனர்.